கலாம் கதையில் பாதி

பாம்பனில் இருந்த அக்கா மகனை, 12 வயதில், திருச்சிப் பக்கம் ஒரு திருச்சபை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். அக்கா விரல்களில் கந்தைத் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகிறவள். மச்சான் விசைப்படகில் கூலி. ஊரிலேயே இருந்தால் பையனும் படகேறிவிடுவான் என்று எனக்குப் பயம். "கலாமைப் பாரு, ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பினதாலதான் ஆளானாரு" என்று சொல்லியே அழைத்துப் போனேன். அவர் படித்த ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி இரண்டுமே மிஷனரிகள் தொடங்கியவைதானே!

விடுதியைக் குறை சொல்ல மாட்டேன். வயிறாரச் சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள். கெடுத்தது நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மச்சான் நாள் முழுக்க வீட்டில் இருப்பது அப்போதுதான். பள்ளிக்கும் அப்போதுதான் லீவு. அந்த லீவிலும் ஸ்பெஷல் கிளாஸ் படிக்கட்டும் என்று வார்டனிடம் பேசி அவனை அங்கேயே நிறுத்திவைத்தேன், வருஷா வருஷம். அமெரிக்காவில் மார்மன் சபை 1954 முதல் முறைப்படி ஒரு திட்டம் நடத்தி, நவஹோ பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளையர் வீடுகளில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. அந்தப் பிள்ளைகளைக்கூடக் கோடையில் பெற்றோரிடம் அனுப்பினார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு மேலே படிக்க ஓடவில்லை.

பிளஸ் டூவில் நல்ல மார்க். இன்ஜினியரிங் சீட்டும் கிடைத்தது. முதல் வருஷம் முடியுமுன் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டான். கரையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைக்கப் பார்த்தான், முடிச்சு நிற்கவில்லை. மச்சான் அவன் கையைப் பிடித்து ஊசியை நுழைக்கும் விதத்தைக் காட்டினார். பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பாடம் கஷ்டமாடா?"

"பாடம் இல்ல மாமா. பாஸானா யார்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணல. அம்மாகிட்ட போன்ல என்ன பேசுறதுன்னே தெரியல."

அன்றிரவு கலாமின் சுயசரிதையான 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை எடுத்தேன். ஷ்வார்ட்ஸில் சேர்ந்த புதிதில் கலாமை வீட்டு நினைப்பு வாட்டியது, அம்மா செய்யும் போளிக்கு ஏங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததும் இருக்கிறது. நான் பையனுக்குச் சொன்னதெல்லாம் ஷ்வார்ட்ஸில் கலாமின் ஆசிரியராக இருந்த அய்யாத்துரை சாலமனைப் பற்றித்தான்.

அவன் திரும்பக் கல்லூரிக்குப் போகவில்லை. அவன் தங்கச்சி இப்போது ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மே மாதம் ஸ்பெஷல் கிளாஸாம், விட்டுவைக்கலாமா என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"அதை அவகிட்டயும் மச்சான்கிட்டயும் கேளுக்கா" என்றேன்.