தட்டேக்காட்டில் ஒரு வைகறை

கேரளத்தின் கோதமங்கலத்தை அடுத்து, பெரியாற்றங்கரையில் அமைந்துள்ளது தட்டேக்காடு. 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, இக்காட்டின் பறவைச் செல்வத்தைக் கண்டு வியந்தார். 1983இல் சரணாலயமான இவ்விடம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பரப்போ 25 சதுர கிலோமீட்டர்தான்!

சென்ற ஏப்ரலில் ஒருநாள், நண்பர் இருவருடன் விடியுமுன்னே உள்ளே நுழைந்தேன். அடர்ந்த காட்டில் பறவையைக் கண் காண்பதற்கு முன் செவிதான் காண்கிறது. வல்லூறின் கூர்மையான குரல் எழுந்தது. தொடர்ந்து அணிலின் அலறல். சிலம்பன் கூட்டத்தின் சலசலப்பு. பிறகு கணீரென்ற ஒரு சீழ்க்கை.

"மாஷே, எத்தனை பறவைகள்?" என்றார் வழிகாட்டி. ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அணிலைக் கழித்துவிட்டு, "மூன்று வகை" என்றேன் பெருமையுடன். அவர் புன்னகைத்து ஒரு கிளையைச் சுட்டினார். அங்கிருந்தது ஒரேயொரு துடுப்புவால் கரிச்சான்! வாலிலிருந்து இரு கம்பிகள் நீண்டு, நுனியில் துடுப்புகள் ஆடின. அது பறந்தபோது இரண்டு கருவண்டுகள் துரத்திச் செல்வதுபோல் இருந்தது.

இந்தப் பலகுரல் வித்தை வெறும் விளையாட்டன்று. இலங்கையின் சிங்கராஜ வனத்தில், இதன் நெருங்கிய உறவான கரிச்சானின் குரல்களை ஒலிக்கச் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிற பறவைகளின் குரல் கலந்திருந்தபோதே அவை மிகுதியாக நெருங்கி வந்தனவாம். கூட்டமாக இரை தேடும் பறவைகள் கிளப்பிவிடும் பூச்சிகள் கரிச்சானுக்கு உணவாகின்றன.

சற்றுத் தொலைவில், மூங்கில் புதரொன்றில் சோலைபாடி இசைத்துக்கொண்டிருந்தது. குழலையும் வெல்லும் குரல்! அதனை அருகே வரவழைக்க விரும்பிய நண்பர், கைபேசியில் பதிந்திருந்த சோலைபாடியின் பாட்டை ஒலிக்கவிட்டார். மறுகணமே பாட்டு நின்றது. செந்நிற வயிறும் நீண்ட வாலும் கொண்ட ஆண்பறவை எங்கள் முன்னே பாய்ந்து வந்தது. வாலை வெட்டி வெட்டி உயர்த்தியபடி கிளைக்குக் கிளை தாவியது. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதென எண்ணி அதனைத் தேடுகிறது!

"அணைத்துவிடுங்கள். இது கூடு கட்டும் காலம்; இல்லாத எதிரியைத் தேடி அலைந்தால் இரை தேடுவது எப்போது?" என்றார் வழிகாட்டி. அவர் குரலில் முதன்முறையாகக் கடுமை தெரிந்தது. நண்பர் உடனே அணைத்தார். புகைப்படம் எடுக்க நீட்டிய என் கையும் தாழ்ந்தது; அப்பறவை அருகில் வந்தபோது மகிழ்ந்தவன்தானே நானும்!

நாங்கள் பின்வாங்கி, ஒரு மரத்தடியில் பேசாமல் அமர்ந்திருந்தோம். வெயில் ஏறியது. சோலைபாடி இன்னும் அந்தப் புதரைச் சுற்றியே தேடிக்கொண்டிருந்தது. நாங்கள் புறப்படும்வரை அது மீண்டும் பாடவில்லை.