ஒரு நாள் முன்னால் வாழும் தாத்தா பாட்டி

உலகப் படத்தில் நியூசிலாந்துக்கு வடகிழக்கே, பசிபிக் கடலில் கடுகு சிதறியதுபோலச் சில புள்ளிகள் தெரியும். அதுதான் டோங்கா. சுமார் 170 தீவுகள், ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள், அவர்களுக்கு ஒரு ராஜா. தலைநகர் நுக்குஅலோஃபா. ‘அன்பின் இருப்பிடம்’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். உலகத்தில் முதலில் பொழுது விடியும் நாடுகளில் இதுவும் ஒன்று.

ஆக்லாந்திலிருந்து மூன்று மணி நேரம் பறந்து வரும் விமானத்தில் மூன்று வகை ஆட்கள் இறங்குவார்கள். வெளிநாட்டில் சம்பாதித்து, பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு ஊர் திரும்பும் டோங்காக்காரர்கள் முதல் வகை. ஜூலை முதல் அக்டோபர் வரை குட்டி போட வரும் திமிங்கலங்களைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் இரண்டாவது வகை. மூன்றாவது, தலை நரைத்த ஒரு கணவன் மனைவி. அவர் வெள்ளைச் சட்டை, டை. அந்த அம்மா முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை. இருவர் நெஞ்சிலும் கறுப்புப் பெயர்ப்பட்டை. ஊர் திரும்புவது பெரும்பாலும் ஒன்றரை வருடம் கழித்துத்தான்.

சம்பளம் இல்லாத வேலை

இவர்கள் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’யைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியில் தலைமையகம். மார்மன் என்றால் பலருக்கும் தெரியும். இந்தச் சபையின் இளைஞர்கள் 18 வயதிலேயே இரண்டிரண்டு பேராக ஊர் ஊராக ஊழியத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபைதான் முடிவு செய்யும்.

வீட்டில் வளர்க்க வேண்டிய பிள்ளைகள் இல்லாத தம்பதிகளும் போகலாம். 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 23 மாதம் என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த ஊர் பிடிக்கும் என்றும் சொல்லலாம். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், வாடகை, சாப்பாடு என்று செலவில் பெரும்பகுதி இவர்களுடைய பென்ஷனிலிருந்தும் சேமிப்பிலிருந்தும்தான். கிளம்பும் முன் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும்.

நம் ஊரில் ரிட்டயர் ஆனவர்கள் பேரனைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகிறார்கள். இவர்கள் அமெரிக்காவில் பேரனை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். எதற்காக?

கோயிலுக்கு வரச் சொல்ல வேண்டாத ஊர்

பிரசாரம் செய்ய என்று நினைத்தால், அதற்கு டோங்காவில் பெரிய தேவை இல்லை. இது தெருவுக்குத் தெரு தேவாலயம் இருக்கும் நாடு. பெரும்பான்மையோர் மெதடிஸ்ட் மரபுச் சபைகளைச் சேர்ந்தவர்கள். இந்தத் தம்பதிகளின் சபையே 1891-ல் இங்கே வந்துவிட்டது. இன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தச் சபைக்காரர். லியாஹோனா என்ற இடத்தில் சபையின் பெரிய பள்ளிக்கூடமும், 1983-ல் திறக்கப்பட்ட கோயிலும் இருக்கின்றன.

1950-களில் டோங்காவின் தொலைதூரத் தீவு ஒன்றில் ஊழியம் செய்த ஜான் குரோபெர்க் என்ற இளைஞரின் கதை, ‘தி அதர் சைடு ஆஃப் ஹெவன்’ என்று 2001-ல் ஹாலிவுட் படமாக வந்தது. பெரியவர்களின் ஊழியத்தைப் படமாக எடுத்தால் அதில் முக்கால்வாசிக் காட்சிகள் குழாய் ரிப்பேர், கார் சர்வீஸ், மருந்துக் கடை என்றுதான் இருக்கும்.

காலை: சேவலும் பன்றியும்

இங்கே அலாரம் தேவையில்லை. விடியும் முன்பே சேவல்கள் ஆரம்பித்துவிடும். வாசலில் பன்றிகள் குட்டிகளோடு உலாவும். பெரும்பாலான வீடுகளில் பன்றி உண்டு. பெரும்பாலும் கட்டி வைப்பதில்லை. கடல் வற்றும் நேரத்தில் சில கிராமங்களில் அவை சேற்றில் இறங்கி நண்டும் சிப்பியும் தேடித் தின்னும். குடிப்பதற்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீர்.

அடுத்த சவால் கார். அமெரிக்காவில் வலது பக்கம் ஓட்டிப் பழகியவர், இங்கே நம் ஊரைப் போல இடது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் வாரத்தில் இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போடுவார். பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவி “இடது, இடது” என்று சொல்லிக்கொண்டே வருவார். நல்லவேளை, டோங்காவில் யாரும் வேகமாக ஓட்டுவதில்லை. குறுக்கே பன்றி வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை.

அப்புறம் அன்றைய வேலை. ஒவ்வொரு தம்பதிக்கும் ஒவ்வொரு பொறுப்பு. சிலர் அலுவலகத்தில் உட்கார்ந்து விசா, வாடகைக் கணக்கு, கார்களின் பதிவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிலர் கோயிலில் பணி செய்வார்கள். வாழ்நாள் முழுக்க வாத்தியாராக இருந்தவர்கள் உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவார்கள். நர்ஸாக இருந்த அம்மாவுக்கு ஊழியக்காரப் பிள்ளைகளின் காய்ச்சல், கொப்புளம், வயிற்றுப்போக்கு எல்லாம் போனில் வந்து சேரும்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளைச் சோதிப்பதும் முக்கியமான வேலை. பத்தொன்பது வயதுப் பையன்கள் நான்கு பேர் தங்கியிருக்கும் வீடு எப்படி இருக்கும்? கழுவாத பாத்திரம், கொசுவலையில் ஓட்டை, ஃபிரிட்ஜில் என்னவென்றே தெரியாத ஒரு டப்பா. அந்த அம்மா குனிந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் ஸ்பான்ஜை எடுப்பார். பையன்கள் வெட்கப்பட்டு ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சபை வழக்கப்படி ஆண் ஊழியக்காரர் எல்லோருக்கும் ‘எல்டர்’ என்று பட்டம். பாத்திரம் கழுவாத பையனும் எல்டர். சோதிக்க வந்த எழுபது வயதுத் தாத்தாவும் எல்டர்.

அம்மாவை விட்டு முதல்முறை பிரிந்து வந்த பிள்ளைகளுக்கு, சூடாக ஒரு ரொட்டியோடு வரும் இந்தப் பாட்டியின் கார் சத்தம் கேட்டாலே போதும். பெரியவர்கள் செய்யும் ஊழியத்தில் பாதி இதுதான்.

சந்தையில் தெரிந்த முகங்கள்

நுக்குஅலோஃபாவின் தலமாஹு சந்தைக்குத் தமிழர் ஒருவர் போனால் அந்நியமாக இருக்காது. சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா, தேங்காய், தர்பூசணி. ஆனால் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் சாப்பிட்டு வளர்ந்த அமெரிக்க அம்மாவுக்கு இதில் பாதி புதுசு. சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தொண்டை அரித்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பாடம் ஆரம்பமாகும். வெண்ணெய், சீஸ் எல்லாம் கப்பலில் வர வேண்டும். விலையும் அதற்கேற்ற மாதிரி. டீ, காபி பிரச்னை இல்லை. இந்தச் சபைக்காரர்கள் இரண்டையும் தொடுவதில்லை.

கடைக்காரப் பெண்களிடம் “மாலோ ஏ லேலேய்” என்று வணக்கம் சொன்னால் கூட்டிப்போட்ட குவியலில் இன்னும் இரண்டு கிழங்கு சேரும். பேரம் பேசும் வழக்கம் அதிகம் இல்லை.

ஞாயிறு: எல்லாம் நிற்கும் நாள்

டோங்காவின் 1875-ம் ஆண்டு அரசியல் சட்டம் ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாளாக அறிவித்திருக்கிறது. அன்று வியாபாரம் கூடாது, விளையாட்டுப் போட்டி கூடாது. ஞாயிறன்று கையெழுத்தான ஒப்பந்தம் செல்லாது. உள்நாட்டு விமானமும் பறக்காது.

காலையிலேயே வீடுகளின் பின்பக்கம் புகை எழும். மண்ணில் குழி தோண்டி, கற்களைச் சுட வைத்து, அதன்மேல் உணவை அடுக்கி மூடும் ‘உமு’ அடுப்பு. சேப்ப இலையில் இறைச்சியும் தேங்காய்ப் பாலும் வைத்து மடித்த ‘லூ’ அதற்குள் வெந்துகொண்டிருக்க, குடும்பமே இடுப்பில் பின்னிய பாயைச் சுற்றிக்கொண்டு ஆராதனைக்குப் போகும். அந்தப் பாய்க்கு ‘தாஓவலா’ என்று பெயர். மரியாதையின் அடையாளம். வந்த சில மாதங்களில் அமெரிக்கத் தாத்தாவும் டைக்குக் கீழே ஒரு தாஓவலா கட்டியிருப்பார். யாராவது பரிசாகக் கொடுத்திருப்பார்கள்.

பிற்பகல் யாராவது ஒரு வீட்டில் சாப்பாடு. அங்கேதான் டோங்காக் குடும்பத்தைக் கிட்டத்தில் பார்க்க முடியும். வீட்டில் அப்பாவின் அக்காவுக்கு, அதாவது அத்தைக்கு, எல்லோரையும்விட உயர்ந்த இடம். கல்யாணம், சாவு எதுவாக இருந்தாலும் அத்தைக்கே முதல் மரியாதை. நமக்கு இது புரியும். தனித்தனி வீடுகளில் வாழ்ந்து பழகிய அமெரிக்கத் தம்பதிக்கு ஆச்சரியம். அடுத்ததாக அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?”

பெரியவர்களைச் சுற்றியே குடும்பம் நடக்கும் ஊரில் இது சாதாரணக் கேள்வி. பதில் சொல்பவருக்குத்தான் சாதாரணமாக இல்லை.

நேற்றைக்கு ஒரு போன்

டோங்கா நேரம் யூட்டாவைவிடக் குளிர்காலத்தில் 20 மணி நேரம் முன்னால். இங்கே ஞாயிறு காலை 8 மணி என்றால், அங்கே சனிக்கிழமை பகல் 12 மணி. மகன் வீட்டில் எல்லோரும் கூடும் ஞாயிறு மாலைச் சாப்பாடு, இவர்களுக்குத் திங்கட்கிழமை மத்தியானம். பேத்தியின் பிறந்தநாள் இங்கே ஒரு நாள் முன்பே வந்துவிடும். வாழ்த்துச் சொல்ல மறுநாள்வரை காத்திருக்க வேண்டும்.

இளம் ஊழியக்காரர்கள் வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம். பெரியவர்களுக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. வீடியோ அழைப்பில் கைக்குழந்தை திரையை நக்கும். ஆறு மாதம் கழித்துத் திரையைப் பார்த்துக் கையசைக்கும். ஒரு வருடம் கழித்து “தாத்தா பெட்டிக்குள்ளே” என்று சொல்லும். ஊரில் 90 வயது அம்மாவை விட்டு வந்தவர்களும் உண்டு. மிக முக்கியமான குடும்ப நிகழ்வுக்குச் சொந்தச் செலவில் சில நாள் போய்வரலாம் என்றாலும், பல விமானங்கள் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடலாம். சபைக் கூடத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரின் பக்கத்தில், கறுப்பு உடுத்தி, பெரிய துக்கப் பாய் சுற்றி, டோங்காப் பெண்கள் வந்து அமர்வார்கள். முன்பின் தெரியாத அம்மாவுக்காகப் பாடுவார்கள்.

பிள்ளைகளின் பயமும் நியாயமானது. 2018 பிப்ரவரியில் கீட்டா புயல் நுக்குஅலோஃபாவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தையே தரைமட்டமாக்கியது. 2022 ஜனவரி 15 அன்று தலைநகரிலிருந்து சுமார் 65 கி.மீ. தூரத்தில் கடலடி எரிமலை வெடித்துச் சாம்பல் மழை பொழிந்தது, சுனாமி வந்தது, கடலடிக் கேபிள் அறுந்து, தலைநகருக்கு முழு இணைய வசதி திரும்ப ஐந்து வாரம் ஆனது. பெரிய ஆபரேஷன் என்றால் நியூசிலாந்துக்குத்தான் பறக்க வேண்டும். “இந்த வயசில் இதெல்லாம் தேவையா அப்பா?” என்று கேட்காத மகள் இருக்க மாட்டாள்.

இருபத்துநான்கு மணி நேரமும் ஒன்றாக

சபையின் விதிப்படி எந்த ஊழியக்காரரும் தனியாகப் போகக்கூடாது. எப்போதும் ஒரு துணை வேண்டும். தம்பதிகளுக்கு அந்தத் துணை வாழ்க்கைத் துணையே. நாற்பது வருடம் காலையில் ஆபீஸ் போய் மாலையில் திரும்பிய மனிதர், இப்போது ஒரே கார், ஒரே மேஜை, ஒரே மின்விசிறி. முதல் இரண்டு மாதம் சின்னச் சின்னச் சண்டை வரும். பிறகு ஒருவரின் வேகத்துக்கு மற்றவர் பழகிவிடுவார்கள். அவருக்குக் காது மந்தம், அந்த அம்மாவுக்கு இரவில் பார்வை மங்கல். இருட்டியபின் அவர் ஓட்டுவார்; போன் வந்தால் அவர் சார்பில் இவர் கேட்டுச் சொல்வார்.

கிளம்பும் நாள்

பதினெட்டு மாதம் முடியும்போது டோங்காக்காரர்கள் சும்மா அனுப்புவதில்லை. விருந்து, பாட்டு, கழுத்தில் மாலை, மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய பாய். ஆண்களும் வெளிப்படையாக அழுவார்கள். விமானத்தின் எடைக் கட்டுப்பாட்டில் பாய் போக வேண்டும் என்பதற்காக, அந்த அம்மா தன் உடைகளில் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார்.

ஊரில் காத்திருக்கும் பேரன் முதல் நாள் கிட்டே வரமாட்டான். பெட்டிக்குள் இருந்த தாத்தா வெளியே வந்து நிற்பதை நம்ப அவனுக்கு இரண்டு நாள் ஆகும். போன ஒன்றரை வருடம் திரும்பி வராது என்பது இருவருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் சிலர் இரண்டாவது முறையும் விண்ணப்பம் போடுகிறார்கள். சிலர் ஒரு முறை போதும் என்று பேரப்பிள்ளைகளோடு இருந்துவிடுகிறார்கள்.

டோங்காவில் அடுத்த தம்பதி வந்து இறங்கியிருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு கார் சாவியும் ஒரு நோட்டும் இருக்கும். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்தப் பையனுக்கு ஆஸ்துமா, எந்தத் திருப்பத்தில் பன்றிகள் படுத்திருக்கும் என்று அதில் எழுதியிருக்கும்.