நொய்யல் கரையில் ட்ரவுட்டா?

காதர்பேட்டையில பனியன் மொத்த வியாபாரம் பண்ற நண்பருக்கு நொய்யல் ஓரமா தோட்டம் உண்டு. ஊட்டி போய்ட்டு வந்ததுல இருந்து, "ஏனுங்க, நம்ம பண்ணைக்குட்டையில ட்ரவுட் விட்டா என்னங்க?"ன்னு ஒரே நச்சரிப்பு.

ட்ரவுட் குளிர்தண்ணி மீன். நீலகிரிக்கு வெள்ளைக்காரன் கொண்டாந்தது. அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கிற பண்ணையே இருக்கு. தண்ணி 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிச்சிடும். நம்ம சித்திரை வெயில்ல நேரா குழம்பாத்தான் எடுக்கணும் :-)

நம்ம சூட்டுக்கு கிஃப்ட் திலேப்பியாதான். 1988ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி. ஆப்பிரிக்க, ஆசிய ரகங்களைக் கலந்து தேத்தினது. ஆண் குஞ்சா மட்டும் விடணும். பொட்டையும் கலந்தா குஞ்சு பெருகிக் குட்டை ரொம்பிடும், ஒண்ணும் வளராது. ஆத்துக்குத் தப்பிச்சா நாட்டு மீனுக்கு ஆபத்து வேற.

என் கவலை அதில்ல. அவரு கெணறு சாயத்தண்ணி எறங்கின கெணறு. 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆனதும், 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்கே தெரியும். அப்புறம் சுத்திகரிச்சு ஓட்டினாலும், எறங்கின உப்பு மண்ணுல இருக்கே. திலேப்பியா உப்பை ஓரளவு தாங்கும். ஆனா மீன் உசுரோட இருக்கறதும், அதை நாம திங்கலாங்கறதும் ஒண்ணில்லீங்களே. மொதல்ல தண்ணியை டெஸ்டுக்குக் குடுங்கன்னேன்.

"இத்தன வருசம் தென்னைக்குப் பாய்ச்சினப்ப எவன் டெஸ்ட் பண்ணினான்?"னு கேட்டார்.

பதில் சொல்லலை. ஒரு பாட்டில்ல தண்ணி மட்டும் கொண்டாரச் சொல்லியிருக்கேன்.