வேகத்துக்கு மரியாதை

மும்பை - புனே விரைவுச் சாலையில் கேமரா கணக்கு வைக்கிறது. காப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதில்தான் ஆபத்து.

செம்பூர், வாஷி, பேலாப்பூர் என்று மும்பையின் நெரிசல் விடாமல் துரத்தி வருகிறது. களம்போலியில் அது சட்டென்று கழன்றுகொள்கிறது. எதிரே ஆறு தடங்களில் விரியும் கான்கிரீட் சாலை. சிக்னல் இல்லை, குறுக்கே கடக்கும் மாட்டு வண்டி இல்லை. இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. அதுவரை இரண்டாவது, மூன்றாவது கியரில் முனகிக்கொண்டிருந்த கார்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இந்த 94.5 கி.மீ. பாதைதான் இந்தியாவின் முதல் ஆறு தட விரைவுச் சாலை. மகாராஷ்டிரத்துக்கு இதில் தனிப் பெருமை.

சாலையோரப் பலகைகளில் மராட்டியில் 'வேகமர்யாதா' என்று எழுதியிருக்கிறது. தமிழருக்குச் சிரிப்பு வரலாம். மராட்டியில் மர்யாதா என்றால் எல்லை, வரம்பு. சமதளத்தில் கார்களுக்கு அந்த எல்லை மணிக்கு 100 கி.மீ. மலைப் பகுதியில் அது 50, 60 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. லாரிகளுக்கு இன்னும் குறைவு. மரியாதைக்குத்தான் நீண்ட காலமாகப் பஞ்சம்.

முன்பெல்லாம் வேகத்தைப் பிடிக்க வேண்டுமானால் போலீஸ்காரர் வெயிலில் நிற்க வேண்டும். எதிர்த் திசையில் வரும் டிரைவர் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டு 'முன்னால் ஆள் நிற்கிறான்' என்று தகவல் சொல்வார். டிரைவர்களுக்குள் அது ஒரு தர்மம். 2024 ஜூலையில் தானியங்கிக் கண்காணிப்பு முறை செயலுக்கு வந்த பிறகு அந்தத் தர்மத்துக்கு வேலை குறைந்துவிட்டது. தடங்களுக்கு மேலே வளைவுகளில் வரிசையாகக் கேமராக்கள் தொங்குகின்றன. அவை சீட் பெல்ட் போடாததையும் தடம் மாறுவதையும்கூடக் கவனிக்கின்றன. கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டு, தாண்டியதும் மிதிக்கும் பழைய தந்திரமும் எப்போதும் பலிப்பதில்லை. ஓரிடத்தைக் கடந்த நேரத்தையும் அடுத்த இடத்தைக் கடந்த நேரத்தையும் ஒப்பிட்டுச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் வசதியும் இதில் உண்டு. பத்து கி.மீ. தூரத்தை ஐந்து நிமிடத்தில் கடந்தால் வேகம் 120. எந்தச் சமாதானமும் எடுபடாது.

பாட்டான், மடப் சுரங்கங்களைத் தாண்டி, காலாப்பூர் சுங்கச் சாவடி கடந்து, உணவகத்தில் வடா பாவும் தேநீருமாக உட்கார்ந்திருக்கும்போது செல்போன் சிணுங்கலாம். சில நாள் கழித்து வீட்டிலும் சிணுங்கலாம். வாகன எண், இடம், நேரம், வேகம், அபராதம் எல்லாம் அதில் இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவை இ-சலான் வாங்குபவருக்கு அதிர்ச்சி, கோபம், கொஞ்சம் அவமானம் எல்லாம் கலந்து வரும். அதன் பிறகு இரண்டு கேள்விகள். கட்டித்தான் ஆக வேண்டுமா? இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிவிடுமா?

முதல் கேள்விக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. அபராதச் செய்தி போலவே போலிச் செய்தி அனுப்பிப் பணத்தைக் கறக்கும் கும்பல்கள் நாடு முழுவதும் உண்டு. செய்தியோடு வரும் இணைப்பைத் தட்டக் கூடாது. செயலி எதையும் இறக்கக் கூடாது. போக்குவரத்துக் காவல் துறையின் அல்லது மத்திய அரசின் பரிவாகன் தளத்துக்குத் தாமாகவே சென்று வாகன எண்ணைக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். படமும் அங்கே இருக்கும். அதில் இருப்பது தம்முடைய வண்டிதானா, எண் சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. தவறு இருந்தால் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம், வழக்காடவும் செய்யலாம்.

கேமராவுக்கும் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். கண்காணிப்பு உண்டு என்று எச்சரிக்கும் பலகை வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் வாகன உரிமையாளரின் பெயருக்கே வரும். மகனோ டிரைவரோ ஓட்டியிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் உரிமையாளருடையது. வண்டி வாங்கியபோது கொடுத்த பழைய செல்போன் எண்ணை மாற்றாமல் விட்டவர்களுக்குச் செய்தியே போய்ச் சேராது. விற்கப் போகும்போதுதான் நிலுவை பல்லைக் காட்டும்.

தொகை அப்படியொன்றும் பெரிதல்ல. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, வரம்பை மீறும் காருக்கு ரூ. 1,000 முதல் ரூ. 2,000 வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ. 2,000 முதல் ரூ. 4,000 வரையும் அபராதம் விதிக்கிறது. அதற்கு முன்பு முதல் தடவைக்கு ரூ. 400தான். இரண்டாம் தடவை சிக்கினால் ஓட்டுநர் உரிமமே பறிபோகலாம். ஆனால் இதே சாலையில் ஒரு வழிப் பயணத்துக்குக் காரின் சுங்கக் கட்டணம் 2023 ஏப்ரலில் ரூ. 320 ஆனது. மாதம் நாலு தடவை புனே போய்வரும் ஆசாமிக்கு ஓர் அபராதம் என்பது கூடுதலாகச் சில சுங்கச் சீட்டு. பயப்பட இதில் என்ன இருக்கிறது?

பயம் வர வேண்டியது இன்ஷூரன்ஸிலிருந்து. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வேகத்துக்காகப் பிடிபட்டவருக்கு அபராதத்தைவிட அதைத் தொடர்ந்து வரும் காப்பீட்டுக் கட்டண உயர்வு அதிகம் வலிக்கக்கூடும். இந்தியாவில்? பெரும்பாலோருக்கு ஒன்றும் நடக்காது. கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. அதற்கு அளவுகோல் எஞ்சினின் கொள்ளளவு. 2022 ஜூனில் அமலான பட்டியலின்படி 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ரூ. 2,094, அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ. 3,416; அதையும் தாண்டினால் ரூ. 7,897. முப்பது வருடம் கீறல் படாமல் ஓட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், லோனாவாலாவுக்குப் பந்தயம் கட்டிப் பறக்கும் இளைஞனுக்கும் ஒரே விலை.

சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியிலும் ஏறத்தாழ அதே கதை. இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவிகிதம் வரை ஏறும். இழப்பீடு கேட்டால் இறங்கும். அபராதச் சீட்டு அதைத் தொடுவதில்லை. பத்து சலான் வாங்கியவர் மோதாமல் தப்பித்தால் அவர் 'நல்ல' ஓட்டுநர். யாரோ வந்து இடித்ததற்குத் தம் பாலிசியில் பணம் கேட்டவர் தள்ளுபடியை இழந்தவர்.

இந்த விசித்திரம் யாருக்கும் தெரியாததல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நியமித்த குழு 2021 ஜனவரியில் ஒரு யோசனையை முன்வைத்தது. 'போக்குவரத்து மீறல் பிரீமியம்' என்று தனியாக ஒரு கட்டணம். குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் வண்டியை நிறுத்தினால் 10 புள்ளி என்று மீறலுக்கு ஏற்றபடி கணக்கு ஏறும். புள்ளிக்குத் தக்கபடி இரு சக்கர வாகனத்துக்கு ரூ. 750 வரையும் காருக்கு ரூ. 1,500 வரையும் கூடுதலாக வாங்கலாம். டெல்லியில் சோதனை செய்து பார்க்கலாம் என்றது குழு. யோசனை நாடு தழுவிய விதியாக மாறவில்லை. 2022 ஜூலையில் ஆணையம் இன்னொரு கதவைத் திறந்தது. ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் பொறுத்துக் கட்டணம் வாங்கும் கூடுதல் திட்டங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கலாம். ஆனால் அது விரும்பி எடுப்பவர்களுக்கு மட்டும். தறிகெட்டு ஓட்டுபவர் அதை ஏன் விரும்பப்போகிறார்?

ஆக, வேகத்துக்கு இந்தியாவில் முன்கூட்டியே கட்டும் விலை இல்லை. விலை பின்னால் வருகிறது. அது எப்படி வரும் என்று காட்டுகிறது போர் காட்.

கோபோலியைத் தாண்டியதும் மலை எழுகிறது. சிறிது தூரத்திலேயே சாலை ஐந்நூறு மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். மழைக்காலத்தில் பாறைகளிலிருந்து அருவிகள் குதிக்கின்றன. மேகம் சாலையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத நாட்கள் உண்டு. இங்கே பிரிட்டிஷ் காலப் பாலம் ஒன்று இருந்தது. அதில் இருந்த தலைவலித் தைல விளம்பரத்தால் 'அம்ருதாஞ்சன் பாலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மும்பையில் தொடங்கிச் சென்னைக்குக் குடிபெயர்ந்த நிறுவனத்தின் தைலம் அது. அதன் தூண்கள் போக்குவரத்துக்கே தலைவலியாக இருந்தன. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை வெறிச்சோடிய நேரம் பார்த்துப் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கண்டாலாவிலிருந்து மும்பைப் பக்கம் இறங்கும் சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு உருட்டும் லாரிகள் உண்டு. எஞ்சினின் பிடி விட்டுப்போகும். மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். சூடேறிய பிரேக் கைவிடும். பிறகு முன்னால் நிற்கும் கார்களே தடுப்புச் சுவர். கார்களும் சளைத்தவை அல்ல. 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் 120க்கு ஏறினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. மோதலின் ஆற்றல் 44 சதவிகிதம் கூடிவிடுகிறது. கிடைக்கும் லாபம்? சமதளத்தில் 80 கி.மீ. தூரத்தை 100இல் கடக்க 48 நிமிடம். 120இல் 40 நிமிடம். எட்டு நிமிடம். புனேயில் ஒரு சிக்னல் நெரிசலில் அது கரைந்துவிடும்.

2016இல் இந்த ஒரு சாலையில் மட்டும் 151 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் மாநில அரசும் சேவ்லைஃப் அறக்கட்டளையும் மற்றவர்களும் கைகோத்து 'உயிர்ச்சேதமில்லாத் தடம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தடுப்புகள், எச்சரிக்கைகள், ஆம்புலன்ஸ், வேகக் கண்காணிப்பு என்று பல பக்கத்திலிருந்தும் வேலை நடந்தது. 2020இல் சாவு 66 ஆகக் குறைந்தது. அது ஊரடங்கு ஆண்டுதான். ஆனால் அதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. நாட்டின் கணக்கு வேறு. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். மத்திய அரசின் அறிக்கைப்படி அதில் 71 சதவிகிதத்துக்குக் காரணம் அதிவேகம்.

இந்த இடத்தில்தான், 'எதுவானாலும் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை உடைகிறது. வேகமாகப் போன கார் இன்னொருவரைக் கொன்றால், அந்தக் குடும்பத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு பணம் கொடுக்கும். சட்டம் அதற்காகவே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் தன் வேகத்தாலேயே ஓட்டியவர் இறந்தால்? அவர் மூன்றாம் நபர் அல்லர். கர்நாடகத்தில் 2014 ஜூனில் வேகமாகப் போன கார் கவிழ்ந்து ஓட்டியவர் இறந்தார். குடும்பம் ரூ. 80 லட்சம் இழப்பீடு கேட்டது. தீர்ப்பாயம் மறுத்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. தன் தவறால் தானே மாண்டவரின் வாரிசுகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. மோதலில் எதிர் வண்டிக்கும் தவறில் பங்கு இருந்தால்கூட, இவருடைய பங்குக்கு ஏற்ப இழப்பீடு வெட்டப்படும்.

மிஞ்சுவது உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018இல் அதன் தொகை ரூ. 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. பலர் பாலிசியைப் புதுப்பிக்கும்போது 'இது எதற்கு' என்று தவிர்க்கப் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். சம்பாதிப்பவர் ஒருவர், படிக்கும் பிள்ளைகள் இருவர், வீட்டுக் கடன் என்று இருக்கும் குடும்பத்துக்கு அந்த 15 லட்சம் எத்தனை வருடம் வரும் என்பதை அவரவர்தான் கணக்குப் போட வேண்டும். அதுவும் உரிமமும் பாலிசியும் செல்லுபடியாக இருந்தால்தான். குடிபோதையில் ஓட்டியிருந்தால் அதுவும் கேள்விக்குறி.

எனவே முதல் இ-சலான் வந்தவருக்கு நல்ல வழி எளிது. படத்தைப் பார்க்க வேண்டும். தவறு தம்முடையது என்றால் உடனே கட்டிவிட வேண்டும். லோக் அதாலத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்துவைப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது; சம்மன் வந்தால் அலைச்சல்தான் மிச்சம். கையோடு பாலிசியை எடுத்துத் தனிநபர் விபத்துப் பகுதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பிரீமியம் ஏறவில்லையே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஏறாத அந்தப் பிரீமியம், ஆபத்து இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஆபத்தை இன்னும் யாரும் விலை போடவில்லை, அவ்வளவுதான்.

லோனாவாலாவில் சிக்கிக் கடைகள் வாசல் விரித்துக் காத்திருக்கின்றன. மேடு முடிந்து, காம்ஷேட் சுரங்கம் தாண்டி, தேஹு ரோடு பக்கம் கிவளேயில் விரைவுச் சாலை முடிகிறது. மீண்டும் சிக்னல், மீண்டும் ஆட்டோ, மீண்டும் இருபது கி.மீ. வேகம். வழியெல்லாம் தன்னை முந்திப் பறந்த கார், அங்கே சிவப்பு விளக்கில் இரண்டு வண்டி முன்னால் நிற்பதைப் பார்க்காத டிரைவர் இந்தப் பாதையில் அநேகமாக இருக்க முடியாது.