உப்புக்காற்றில் ஒரு கேஸ் ரெகுலேட்டர்

ஒரு தோட்டாவைச் சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு அந்த வேலைக்கான வலு சுட்ட தோட்டாவிலிருந்தே கிடைக்கிறது. குண்டு குழலுக்குள் ஓடி ஒரு சிறு துளையைத் தாண்டியதும், பின்னால் தள்ளிக்கொண்டு வரும் வெடிவாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியே மேலேறுகிறது. துளைக்கு மேல் குழலைக் கவ்வியபடி இருக்கும் எஃகுக் கட்டைதான் கேஸ் பிளாக். அதற்குள் புகுந்த வாயு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன், தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் தாங்கிய போல்ட் கேரியரைத் தள்ளும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். சுருள்வில் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளும்போது புதிய தோட்டா அறைக்குள் போய்விடும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால், நடுவில் எங்கோ தகராறு என்றால் அதை ஓசையாலும் காலித் தோட்டா விழும் இடத்தாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

துளையின் அளவைத் தொழிற்சாலை முடிவு செய்கிறது. ஆனால் துப்பாக்கி எந்த ஊர் வெயிலில், எந்த ஆலைத் தோட்டாவோடு, எத்தனை நாள் துடைக்கப்படாமல் சுடப்படும் என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது. சூடேறிய தோட்டாவில் அழுத்தம் கூடும், குளிரில் குறையும். கரி படிந்த பிஸ்டன் கூடுதல் வாயு கேட்கும். வாயு போதாவிட்டால் போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும்: காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கும், அல்லது வெளியேறியும் அடுத்தது ஏறாது. வாயு மிஞ்சினால் துப்பாக்கி தடையின்றி ஓடும். அதில்தான் ஏமாற்று இருக்கிறது. ஒவ்வொரு சுடுதலிலும் போல்ட் கேரியர் பின்சுவரில் அறைந்து நிற்கும், காலித் தோட்டாவை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தேயும், தோளில் உதை கூடும். சுடுபவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மாற்றியமைக்கத்தக்க கேஸ் பிளாக் இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவே நிற்கும் இடத்தைத் தேடிக்கொள்ள ஒரு வழி.

அந்த வழியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாயு நுழையும் பாதையையே திருகு ஒன்றால் குறுக்குவது. குளத்து மடையை இறக்குவதைப் போன்றது. மற்றது வாயுவை முழுதாக உள்ளே விட்டு, மிஞ்சியதை இன்னொரு ஓட்டை வழியே வெளியேற்றுவது. அது கலிங்கின் வேலை. எது மேல் என்ற வாதம் துப்பாக்கி உலகில் ஓயாதது. மடை வகையில் வெளியே கசியும் வாயு குறைவு. ஆனால் திருகின் முனை நேரே நெருப்புப் பாதையில் நிற்பதால் அரிமானமும் கரியும் அதையே முதலில் பிடிக்கும். கலிங்கு வகையில் ஓட்டையின் வாயில் கரி கக்கும். என்றாலும் பாதை அகலமாக இருப்பதால் அடைப்பது கடினம். பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாத இடத்துக்குக் கலிங்கு வகையே பொருத்தம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிருக்கக்கூடியதும் அந்த வகைதான். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியுதொனே சேவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். துப்பாக்கியைத் தழுவி, வங்காளத்தின் இஷாப்பூர் ஆலை 1960-களில் 1ஏ1 என்ற செல்ஃப் லோடிங் ரைஃபிளைச் செய்யத் தொடங்கியது. போலீஸ் வழக்கில் எஸ்.எல்.ஆர். இருபது தோட்டா மேகஸின், 7.62 மி.மீ. குண்டு, நான்கு கிலோவுக்கு மேல் எடை. 1987 முதல் 1990 வரை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இந்திய அமைதி காக்கும் படை சுமந்து நடந்தது இதைத்தான். எதிரே இருந்தவர்களின் கையில் ஏ.கே. இருந்தபோது இதன் நீளமும் எடையும் பாரமாயின. ராணுவம் கைவிட்ட பிறகும் இது மாநிலப் போலீஸிடம் தங்கிவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் இந்தப் பெயருக்கு வேறு நினைவும் உண்டு. 2018 மே 22 அன்றும் மறுநாளும் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். சுட்ட ஆயுதங்களில் எஸ்.எல்.ஆரும் ஒன்று.

எஸ்.எல்.ஆரில் வாயுவின் அளவைச் சரிசெய்யும் ரெகுலேட்டர், முன்குறிக்குச் சற்றுப் பின்னால், வாயுக் குழாயைச் சுற்றித் திருகி நிற்கும் ஒரு வளையம். அதில் எண்கள் பொறித்திருக்கும். வளையத்தைத் திறக்கத் திறக்கக் கீழே உள்ள வெளியேற்றும் ஓட்டை பெரிதாகும்; பிஸ்டனுக்குக் கிடைக்கும் வாயு குறையும். அமைக்கும் முறையும் அதிலிருந்தே பிறக்கிறது. முதலில் ஓட்டையை முழுதாகத் திறந்து, மேகஸினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட வேண்டும். காலித் தோட்டா வெளியேறாது, அல்லது சோம்பலாகக் காலடியில் விழும். ஒரு சொடுக்கு மூடி மறுபடி ஒன்று. இப்படியே ஒவ்வொன்றாகச் சென்று, காலித் தோட்டா ஒழுங்காகத் தெறிக்கும் முதல் இடத்தைப் பிடித்ததும், அதற்கு மேல் இரண்டு சொடுக்கு கூடுதலாக மூடி நிறுத்துவது வழக்கம். அந்த இரண்டு சொடுக்கு, நாளைய அழுக்குக்காக இன்றே ஒதுக்கி வைப்பது. பொறுமையில்லாதவர் வளையத்தை முழுதாக மூடிவிட்டுப் போய்விடுவார். துப்பாக்கி ஓடும், உள்ளே கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அந்த மிகை வாயு மறைத்துவிடும். துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் தொழிலின் திறமை சுத்தியலிலும் ஸ்பேனரிலும் இருப்பதைவிட இந்த வகைப் பொறுமையில்தான் அதிகம் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டப் போலீஸின் சுடுபயிற்சி நடக்கும் வல்லநாடு உள்நாட்டில், தாமிரபரணியை ஒட்டிய பொட்டல். அங்கே அமைத்த எண் அதே மாவட்டத்தின் உடன்குடிப் பக்கம் அப்படியே செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது. ஊருக்குக் கிழக்கே குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் கடலோரம். வடக்கிலும் மேற்கிலும் தேரிக்காடு. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று எழும்பும்போது தேரியின் செம்மணல் மாவாகப் பறக்கும். எண்ணெய் பூசிய எந்த உலோகத்திலும் அது ஒட்டிக்கொள்ளும். மணல் எஃப்.ஏ.எல். குடும்பத்தின் பழைய எதிரி. பிரிட்டிஷார் மணல் ஒதுங்குவதற்கென்றே போல்ட் கேரியரில் பள்ளங்கள் வெட்டினார்கள். பாலைவனத்தில் அவதிப்பட்ட இஸ்ரேல், 1970-களில் கலீல் துப்பாக்கிக்கு மாறியது. தசரா நாட்களில் குலசைக்குக் காவலுக்கு வந்து குவியும் போலீஸ்காரர் தோளில் தொங்கும் துப்பாக்கி ஒரு குண்டுகூடச் சுடாது. ஆனாலும் கடற்காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

சுடாத துப்பாக்கியைவிடச் சுட்டபின் துடைக்காமல் வைத்த துப்பாக்கியை உப்பு வேகமாகத் தின்னும். கரிப்படிவு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரெகுலேட்டர் வளையத்தின் அடியில் துரு பிடித்தால் வளையம் இறுகிப்போகும். அப்போது இடுக்கியால் முறுக்குவது, தட்டுவது எல்லாம் மெல்லிய வாயுக் குழாயைக் கோணலாக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, முன்னும் பின்னுமாகச் சிறுகச் சிறுக அசைப்பது ஒன்றே வழி. இறுகவிடாமல் இருக்க, வாரம் ஒருமுறை வளையத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பி, பழைய எண்ணுக்கே கொண்டுவந்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் கடற்கரைக்கு ஒரு சிக்கல் உண்டு. பிஸ்டனும் வாயுக் குழாயின் உட்புறமும் சுடும்போது உலர்ந்திருக்க வேண்டும். அங்கே விட்ட எண்ணெய் எரிந்து புதிய கரியாகும். ஆனால் உலர்ந்த எஃகைக் கிடங்கில் வைத்தால் இந்தக் காற்றில் துருவேறும். ஆகவே கிடங்கில் இருக்கும்வரை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சுடுதளத்துக்குப் போகுமுன் துணியால் ஒட்டத் துடைப்பு என்று இரட்டை வேலை. கரியைச் சுரண்டப் பித்தளைக் கம்பி, நார் பிரஷ், கரைப்பான் மட்டும். உப்புத்தாளால் தேய்த்துப் பிஸ்டனைப் பளபளக்க வைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் இடைவெளி கூடி, வாயு பக்கவாட்டில் நழுவும். அடைத்த துளைக்குள் துளையிடும் ஊசியை விடுவது அதைவிட மோசம், ஏனெனில் பெரிதான துளையைச் சிறிதாக்க முடியாது. சோதனை எளிது: சுருள்வில்லைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனை மட்டும் குழாயில் விட்டுச் சாய்த்தால், அது தன் எடையிலேயே வழுக்கிப் போக வேண்டும்.

பழைய .303 காலத்தில் குழலுக்குக் கொதிநீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தது. அக்காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து எரிந்து உப்பாகவே படியும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். இன்றைய தோட்டாக்களுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆனால் கடலுப்புக்கு அதே கணக்கு பொருந்தும்: சாரல் பட்ட துப்பாக்கியின் மேல் நேரடியாக எண்ணெய் பூசினால் உப்பு அடியிலேயே தங்கும். நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

எந்தக் கேஸ் பிளாக் என்று தேர்ந்தெடுக்க இந்தியாவில் இடம் குறைவு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் இவ்வகைத் துப்பாக்கியைச் சாதாரணக் குடிமக்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஏ.ஆர். துப்பாக்கி வைத்திருப்பவர் கடையில் கேஸ் பிளாக் வாங்கும்போது பார்ப்பவை: குழலின் அந்த இடத்து விட்டத்துக்குப் பொருந்துகிறதா, பூட்டுவது திருகா கவ்வியா குறுக்கு ஊசியா, சூட்டில் திருகு தானாக நகராமல் தடுக்கச் சொடுக்குப் பிடிப்பு உண்டா, ஓசையடக்கி மாட்டும்போது ஏறும் பின்னழுத்தத்தைக் குறைக்க இடமிருக்கிறதா என்பவை. இவற்றில் குறுக்கு ஊசிதான் நம்பகமானது. வெறும் திருகில் நிற்கும் கட்டை சூட்டிலும் உதையிலும் நகர்ந்தால் துளைகள் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும்.

இங்கே அந்த முடிவை எடுப்பது ஆலை. 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, ரெகுலேட்டரோடும் அது இல்லாமலும் துப்பாக்கி செய்த ஆலை. அங்கே தயாரான 5.56 மி.மீ. இன்சாஸ், பிஸ்டனை ஏ.கே. பாணியிலும் ரெகுலேட்டரை எஃப்.ஏ.எல். பாணியிலும் எடுத்துக்கொண்டது; துப்பாக்கியிலிருந்து எறிகுண்டு ஏவும்போது வாயுவை முழுதாக நிறுத்தும் அடைப்பும் அதில் உண்டு. பின்னால் வந்த திருச்சி அசால்ட் ரைஃபிள் ஏ.கே. வழியில் சென்று, அமைக்கும் வேலையையே கைவிட்டது: பெரிய துளை, நிலையான வாயு, திருப்ப எதுவும் இல்லை. கெடுவதற்கு ஓர் உறுப்பு குறைவு. தேய்மானம் வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட செலவு. பயிற்சி குறைந்த, ஆள் அடிக்கடி மாறும் படைக்கு அது நியாயமான முடிவுதான்.

எஸ்.எல்.ஆர். இருக்கும்வரை ஆர்மரருக்கு வேலை உண்டு. வளையத்தின் மரை தேய்ந்து கையால் ஆட்டினாலே ஆடுகிறது, வெளியேற்றும் ஓட்டையின் விளிம்பு அரித்து நீள்வட்டமாகிவிட்டது, முழுதாக மூடியும் காலித் தோட்டா காலடியிலேயே விழுகிறது என்றால் சுத்தம் செய்து பயனில்லை. உறுப்பை மாற்ற வேண்டும். மாற்றிய துப்பாக்கிக்குப் பழைய எண் செல்லாது. சுடுதளத்தில் முழுத் திறப்பிலிருந்து மறுபடி தொடங்கி, கிடைக்கும் புதிய எண்ணை அந்தத் துப்பாக்கியின் பதிவேட்டில் எழுத வேண்டும்.