கையில் கொஞ்சம் காசு, கடல் தாண்டி ஒரு முதுமை

பொதுவாக மனிதர்கள் வெளிநாடு போவது சம்பாதிக்க. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர் இளமையை அங்கே கொடுத்துவிட்டு, வயதான பிறகு ஊரில் கட்டிய வீட்டுக்குத் திரும்பி வருகிறார். இதற்கு நேர்மாறாக ஒரு கூட்டம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சொந்த நாட்டில் உழைத்துவிட்டு, கிழவரான பிறகு மூட்டை கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் ஓய்வூதியர்கள். இவர்கள் போவது சம்பாதிக்க அல்ல, இருக்கும் கொஞ்சத்தை நீட்டிச் செலவழிக்க.

பணக்காரருக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கே போனாலும் அவருக்கு வரவேற்புதான். கேள்வி எல்லாம் சின்ன பென்ஷனும் கொஞ்சம் சேமிப்பும் மட்டும் வைத்திருப்பவரைப் பற்றியது. அவர் போகலாமா, கூடாதா? இதற்குப் பல நாடுகளை உதாரணம் காட்டலாம். ஆனால் தாய்லாந்தை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகப் புரியும்.

ஏன் போகிறார்கள்?

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை மிதக்கவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 25 பாட். ஆறே மாதத்தில் 50ஐயும் தாண்டியது. தாய்லாந்து மக்களுக்கு அது பெரிய அடி. வெளிநாட்டுப் பணம் வைத்திருந்தவர்களுக்கோ வாழ்க்கைச் செலவு ஏறக்குறைய பாதியானது மாதிரி. சியாங் மாய், பட்டாயா, ஹுவா ஹின் ஆகிய ஊர்களில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் அதிகமானதற்கு அழகான கடற்கரையும் கோயிலும் மட்டும் காரணமில்லை. நாணய மாற்று விகிதமும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் குளிர். இங்கிலாந்தில் தனியாக வாழும் முதியவர் குளிர்காலத்தில் ஹீட்டரைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே காசில் வெயில், வாசலிலேயே சூடான சாப்பாடு, 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க அக்கம்பக்கம். யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு சின்னக் கணக்கு

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டரில் பஸ் ஓட்டி, 2007ல் 65 வயதில் ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டு பிரிட்டனின் முழு அடிப்படை அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 87.30 பவுண்டு. மாதக் கணக்கில் சுமார் 378 பவுண்டு. வேலை பார்த்த இடத்தின் பென்ஷன் 600 பவுண்டு, அது ஏறாதது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 978 பவுண்டு. 

அப்போது ஒரு பவுண்டு 70 பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது மாதம் 68,460 பாட். தாய்லாந்தில் ஓய்வூதியராகத் தங்க 50 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு மாதம் 65,000 பாட் வருமானமோ, வங்கியில் 8 லட்சம் பாட்டோ காட்ட வேண்டும். அல்லது ஆண்டு வருமானமும் இருப்பும் சேர்ந்து 8 லட்சம் வர வேண்டும். நம்மவர் முதல் வழியிலேயே பாஸ்! வாடகை கொடுத்து, மீன் குழம்பு சாப்பிட்டு, மாலையில் ஒரு பீர் குடித்தாலும் மிச்சம் இருக்கும்.

இப்போது 2019 ஆகஸ்டுக்கு வாருங்கள். 2008 நிதி நெருக்கடி வந்து போய்விட்டது. 2016ல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பும் முடிந்துவிட்டது. ஒரு பவுண்டு சுமார் 37 பாட். அதே 978 பவுண்டு இப்போது 36,186 பாட்தான். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒரு பைசாவும் வீணாக்கவில்லை. ஆனாலும் வருமானம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. விசா நிபந்தனையிலும் ஃபெயில். ஆண்டு வருமானம் 4,34,232 பாட். 8 லட்சத்துக்குக் குறையும் 3,65,768 பாட்டை வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். 77 வயதில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். வரவு ஒரு நாணயத்திலும் செலவு வேறொரு நாணயத்திலும் இருந்தால் நடுவில் ஒரு ஆபத்து உட்கார்ந்திருக்கும். கம்பெனிகள் அதற்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். தனி மனிதருக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க டாலரையே புழங்கும் பனாமாவுக்கோ, 2000ல் டாலருக்கு மாறிய ஈக்வடாருக்கோ போகும் அமெரிக்கருக்கு இந்தத் தலைவலி மட்டும் இல்லை.

உறைந்து போன பென்ஷன்

மேலே உள்ள கணக்கில் இன்னொரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 2007ல் இருந்த அரசு ஓய்வூதியத்தையே 2019க்கும் போட்டிருக்கிறது. அது கவனக்குறைவு இல்லை. நிஜமாகவே அப்படித்தான்!

பிரிட்டனில் வாழும் ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் தொகை உயரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் வாழ்பவருக்கும் உயரும். தாய்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குப் போனால் உயராது. போன அன்று என்ன தொகையோ, சாகும் வரை அதேதான். இந்தியாவும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே பிரிட்டனில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த நர்ஸுக்கும் இதே கதிதான்.

2025-26ல் அந்த அடிப்படை ஓய்வூதியம் வாரம் 176.45 பவுண்டு. நம் பஸ் டிரைவர் ஊரிலேயே இருந்திருந்தால் அதை வாங்குவார். தாய்லாந்தில் இருப்பதால் அதே 87.30. பாதிக்கும் கீழே. இரண்டு பேரும் கட்டிய சந்தா ஒன்றுதான், உழைத்த ஆண்டுகளும் ஒன்றுதான். இப்படி உறைந்த பென்ஷன் வாங்குபவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். இது பாகுபாடு என்று சிலர் வழக்குப் போட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010ல் அங்கேயும் தோற்றார்கள். திரும்பி பிரிட்டனில் குடியேறினால் மட்டும் தொகை நடப்பு அளவுக்கு உயரும். ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனவர் எந்த வீட்டுக்குத் திரும்புவார்?

கதவு யார் கையில்?

தாய்லாந்து தருவது நிரந்தரக் குடியுரிமை அல்ல. ஓராண்டு அனுமதி. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை 'இங்கேதான் இருக்கிறேன்' என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 20 வருஷம் வாழ்ந்தவரும் அப்படித்தான். அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. நிலம் வாங்க முடியாது. மனைவி பெயரில் வாங்கிவிட்டு, பிறகு மனக்கசப்பு வந்து, கைப்பையோடு வெளியே வந்தவர்களின் கதைகள் அங்கே ஏராளம்.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். 2019க்கு முன்பு வருமானத்துக்குச் சான்றாகத் தூதரகக் கடிதம் போதும். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் அதைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. 2024 முதல் தாய்லாந்தில் 180 நாளுக்கு மேல் இருப்பவர் வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கான வரி விதிகளும் இறுகின. மலேசியா இதைவிட ஒரு படி மேலே. 2002ல் தொடங்கிய 'மலேசியா என் இரண்டாம் வீடு' திட்டத்தில் மாத வருமான நிபந்தனை 10,000 ரிங்கிட்டாக இருந்தது. 2021ல் அது ஒரேயடியாக 40,000 ஆனது, வைப்புத் தொகையும் 10 லட்சம் ரிங்கிட். 2024ல் மறுபடியும் திட்டத்தை மாற்றினார்கள். வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு, அதோடு ஒரு வீடும் வாங்க வேண்டும். நடுத்தர ஓய்வூதியருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம்.

அந்த நாடுகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீடு, அவர்கள் கதவு. ஓட்டுரிமை இல்லாத ஒரு விருந்தாளி, விதி மாறும்போது வாய் திறக்கவும் முடியாது.

உடம்பு முடியாமல் போனால்?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். 60 வயதில் போகிறவர் 60 வயதிலேயே நின்றுவிடப் போவதில்லை. முதல் பத்து வருடம் சைக்கிள் ஓட்டுவார், மார்க்கெட் போவார். அதன் பிறகு இடுப்பு எலும்பு, இதயம், மறதி.

பிரிட்டனில் இலவச மருத்துவம் அங்கே குடியிருப்பவருக்குத்தான். நிரந்தரமாக வெளியேறியவருக்கு அந்த உரிமை இல்லை. அமெரிக்காவின் மெடிகேர் பொதுவாக நாட்டுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தராது. தாய்லாந்து 2002ல் கொண்டுவந்த '30 பாட்' மருத்துவத் திட்டம் உலகமே பாராட்டியது. ஆனால் அது தாய்லாந்துக் குடிமக்களுக்கு. மிச்சம் இருப்பது தனியார் காப்பீடு. அதுவோ, வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும், இருக்கும் வியாதிகளை விலக்கி வைக்கும். 70ஐத் தாண்டியவருக்குப் புதிதாக பாலிசி தரவே பல நிறுவனங்கள் தயங்கும். பணம் குறைவாக உள்ளவர் முதலில் நிறுத்துவதும் இதைத்தான்.

பிறகு நடப்பது என்ன? ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாமல் ஒரு வெளிநாட்டுத் தாத்தா படுத்திருப்பார். அந்தச் சுமை கடைசியில் தாய்லாந்து அரசு மருத்துவமனை மேல் விழும். அதாவது, அவரைவிட ஏழையான உள்ளூர் மக்களின் வரிப்பணம்! 2019 அக்டோபரிலிருந்து ஒரு வகை ஓய்வூதிய விசாவுக்கு மருத்துவக் காப்பீட்டைத் தாய்லாந்து கட்டாயமாக்கியது சும்மா இல்லை.

இந்த நியாயக் கேள்வி புதிதும் அல்ல. 1986ல் ஜப்பான் அரசின் தொழில், வர்த்தக அமைச்சகம் தன் ஓய்வூதியர்களை வெளிநாடுகளில் குடியமர்த்த 'சில்வர் கொலம்பியா' என்று ஒரு திட்டத்தை முன்வைத்தது. கார், டிவியோடு இப்போது கிழவர்களையும் ஏற்றுமதி செய்கிறதா ஜப்பான் என்று கண்டனம் வந்து, திட்டம் சுருங்கிவிட்டது.

அப்படியானால் போகவே கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. சொந்த ஊரில் நாலு சுவருக்குள் டிவி பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை கூட யாரிடமும் பேசாமல் சாவதைவிட, சியாங் மாயில் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு பத்து வருடம் சந்தோஷமாக இருப்பது மோசமா? அதையும் கணக்கில் எழுதத்தானே வேண்டும். எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஒரு தலைப்பு கிடையாது என்பதால் அது பூஜ்யம் ஆகிவிடாது.

ஆனால் போகிறவர் சில விஷயங்களை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. மாற்று விகிதம் பாதியானாலும் வாழ முடியுமா? மேலே பார்த்த மாதிரி, அது கற்பனையான பயம் இல்லை, நடந்த விஷயம்.

2. மருத்துவத்துக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அதைத் தொடாமல் இருக்க முடியுமா? விசாவுக்குக் காட்டும் 8 லட்சம் பாட் இந்த ஒதுக்கில் சேராது. அதை இஷ்டத்துக்குத் தொட்டால் அனுமதிக்கே ஆபத்து வரலாம்.

3. திரும்பி வரச் செலவும், வந்தால் தலைசாய்க்க ஒரு இடமும் இருக்கிறதா? சொந்த வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுப் போகிறவர் பிழைத்துக்கொள்வார்.

4. முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்தாரா? டிசம்பரில் சியாங் மாய் சொர்க்கம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை. ஆஸ்துமாக்காரர் மார்ச் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

இந்த நாலுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் பணம் கொஞ்சமாக இருந்தாலும் தாராளமாகப் போகலாம். முடியாவிட்டால், உடம்பு நன்றாக இருக்கும் காலத்தில் வருடத்துக்கு நாலைந்து மாதம், குளிர்காலத்தில் மட்டும் போய் இருந்துவிட்டு வரலாம். சொந்த நாட்டு உரிமைகளும் பத்திரமாக இருக்கும், வெயிலும் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. இந்த மனிதர்களைப் பேராசைக்காரர்கள் என்று கேலி செய்வது சுலபம். ஆனால் 40 வருடம் பஸ் ஓட்டிய ஒருவர், தன் ஓய்வூதியத்தில் சொந்த ஊரில் கௌரவமாக வாழ முடியாது என்று சுமார் 6,000 மைல் தள்ளிப் போக நினைக்கிறார் என்றால், அங்கே யோசிக்க வேண்டியவர் அவர் மட்டும் இல்லை. வாழ்நாள் முழுக்க அவரிடம் சந்தா பிடித்த அரசாங்கமும்தான்.