ஓட்டுநரின் முதுகு

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வரும் பேருந்தில், பாறைகள் அடுக்கிய குன்றுகள் தென்பட்டதும் பயணிகளின் பார்வை சன்னல் பக்கம் திரும்பும். 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்ட கோட்டையல்லவா! ஆயினும் அக்காட்சியைக் காண இயலாதவர் ஒருவர் அதே பேருந்தில் இருக்கிறார். அவர்தாம் ஓட்டுநர்.

என் அண்ணன் அப்பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர். ஓரிரவு வீட்டுப் படியேற முடியாமல் திண்ணைத் தூணைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அண்ணி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபோதுதான் நான் விசாரித்தேன். "ஆறு வருடமாக வலிக்கிறது, தம்பி. சொன்னால் வேலைக்குச் சாக்குச் சொல்கிறான் என்பார்கள்" என்றார். சிறுநீரகத்தில் கல் இருப்பதையும் மருத்துவர் கண்டறிந்தார். வழியில் ஒதுங்க இடமிராது என்பதற்காக அண்ணன் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார்!

குண்டும் குழியுமான சாலையின் அதிர்வு இருக்கை வழியே முதுகெலும்பைத் தாக்குகிறது. முன்புறம் எஞ்சின் உள்ள வண்டிகளில் அதன் வெப்பம் கால்களை வாட்டுகிறது. கடைவீதி நெரிசலில் இடக்கால் ஓயாமல் கிளச்சை மிதிக்கிறது. இருக்கையை நகர்த்தும் பிடி பழுதானால், நெட்டையரும் குட்டையரும் அதே நிலையில் அமர்ந்தே ஓட்டவேண்டும்.

இது நம் ஊரின் துன்பம் மட்டுமன்று. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை மருத்துவர் ஜெரமி மோரிஸ் குழுவினர் ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டனர். படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் மிகுதியாக இருந்தது. நம் நாட்டில் 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்திற்கு மேல் தொடராமல் குறைந்தது அரைமணி ஓய்வையும் வகுத்தது. மனித உடலுக்கு ஓர் எல்லை உண்டென்பதைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது.

நான்தான் உணரவில்லை. அண்ணன் நோயுறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், நான் பயணம் செய்த பேருந்தின் ஓட்டுநர் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, இடுப்பைப் பிடித்தவாறு இரண்டு நிமிடம் நின்றார். "நேரமாகிறது, வண்டியை எடுங்கள்!" என்று முதலில் குரல் கொடுத்தவன் நானே. அவர் பதில் பேசாமல் ஏறி அமர்ந்தார். அண்ணிக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்த அந்த இரவில் அவர் முகம் என் கண்முன் வந்தது. வெட்கினேன்.

விபத்து நேர்ந்தால் "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வலியால் துவளும் உடலும் உறக்கம் காணாத கண்களும் எங்ஙனம் கவனமாயிருக்கும்? நல்ல இருக்கை, ஓய்வறை, தூய கழிப்பறை ஆகியவற்றை ஓட்டுநர்கள் மட்டுமா கேட்கவேண்டும்? அவர்களை நம்பி ஏறும் நாமும் கேட்கலாமே! உங்கள் இல்லத்தில் ஓட்டுநர் ஒருவர் இருந்தால், வலியை மறைக்க விடாதீர்கள்.

அண்ணன் இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். பேருந்தில் ஏறினால் சன்னலோரம் அமர்ந்து, கோட்டையைப் பார்த்துக்கொண்டே வருகிறார்.